பெட்டியில் யார் பேரைப் போடுவது

இராமநாதபுரத்தில் எங்கள் தொழிலைச் சொன்னால் எதிரில் நிற்பவர் அரையடி பின்னால் நகர்ந்துகொள்வார். இறந்தவர் உடலை வைக்கிற ஐஸ் பெட்டியை நானும் என் கணவரும் வாடகைக்கு விடுகிறோம். அவர் துபாயில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். மனிதர்களிடம் அவ்வளவு பேச்சு கிடையாது. அதனால் போன் எடுப்பது, விலாசம் கேட்பது, அழுகிறவர்களிடம் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பது எல்லாம் என் வேலை. வண்டியும் பெட்டியும் அவர் பொறுப்பு.

எங்கள் பக்கத்துக் கடை பிளக்ஸ் அடிக்கும் பாய் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் அடிப்பார் என்றாலும், வருஷம் முழுக்க வற்றாமல் ஓடுவது கண்ணீர் அஞ்சலிதான். ஒரு சாவு விழுந்தால் அவர் எனக்குச் சொல்வார், அல்லது நான் அவருக்குச் சொல்வேன். இதற்கு நெட்வொர்க்கிங் என்று பெயர் இருப்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொன்னதும் அவர்தான்.

"தங்கச்சி, புதன்கெழம காலையில ஏழு மணிக்கு ஓட்டல் மாடியில யாவாரிக கூட்டம் ஒண்ணு நடக்குது. ஒரு தொழிலுக்கு ஒரு ஆளுதான் சேரலாம். ஒருத்தருக்கொருத்தர் யாவாரம் புடிச்சுக் குடுக்கணும். ஒங்க தொழிலுக்கு சீட்டு காலியாத்தான் கெடக்கு."

"அதுக்கு யாரு பாய் போட்டிக்கு வரப்போறா?" என்றேன். ஆனாலும் போனேன். பொங்கலும் வடையும் உண்டு என்று அவர் சொல்லியிருந்தார்.

மாடியில் சுமார் பதினைந்து பேர், அந்த வெக்கையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். தலைவர் டைல்ஸ் கடைக்காரர். கல்யாண மண்டப மைக்கை முழுங்கியவர் போல ஒரு குரல். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிஷம் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும், எந்த மாதிரி வாடிக்கையாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு வியாபாரம் பிடித்துத் தந்ததாக ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டு எழுதாத ஆளைத் தலைவர் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார். மதுரையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், "கூச்சப்படாம, குறிப்பாக் கேளுங்க. கேட்டாத்தான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. குறிப்பாகவே கேட்டேன்.

"வணக்கம். நாங்க எறந்தவுக ஒடம்ப வைக்கிற ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுறோம். ஒங்களுக்குத் தெரிஞ்சவுக யாருக்காச்சும் ரொம்ப முடியாம இருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க."

பொங்கலில் போன கைகள் அப்படியே நின்றன. என் பக்கத்தில் இருந்த மனை வியாபாரி, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தவர், நாற்காலியோடு எழுந்து ஜன்னல் ஓரம் போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மேடம், தொழில் எதுவா வேணா இருக்கட்டும். சொல்றத கொஞ்சம் பாசிட்டிவாச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது சார்?"

"குளிர்பதன சேவைன்னு சொல்லுங்களேன்."

பின்னால் நின்ற ஏசி கடைக்காரர் பாய்ந்து வந்தார். "தலைவரே, குளிர்பதனம் என் சீட்டு. நான் சந்தா கட்டிருக்கேன்." அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் நான் 'தற்காலிகக் குளிர்பதன சேவை' என்று முடிவாயிற்று. ஏசிக்காரர் நிரந்தரக் குளிர்பதனம்.

அந்தப் பெயரால் வந்த வினைதான் அடுத்தது. இரண்டு வாரம் கழித்து, கொடுக்கச் சீட்டு எதுவும் இல்லாத ஏசிக்காரர், தலைவரிடம் மாட்டாமல் இருப்பதற்காக என் பெயருக்கு ஒன்று எழுதிப் போட்டார். 'தங்கச்சிமடத்தில் ஒருவருக்குக் குளிர்பெட்டி அவசரம். அவரே கூப்பிடுவார்.' நான் வீடு வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

"ஏம்மா, ஒங்ககிட்ட கூலிங் பெட்டி இருக்காமுல்ல?"

"இருக்குண்ணே. எப்ப ஆச்சு?"

"இன்னக்கிக் காலையிலதான் கரைக்கு வந்துச்சு."

கடலில் இறந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். "பெரியவுகளா, சின்னவுகளாண்ணே?"

"பெருசும் சிறுசுமாக் கலந்து கெடக்கும்மா. வெயிலு ஏறிக்கிட்டே போகுது. எத்தன பெட்டி இருக்கோ அத்தனையும் கொண்டாங்க."

படகு கவிழ்ந்திருக்கிறது, குழந்தைகளும் இருந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். கணவரிடம் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எங்களிடம் இருந்த இரண்டு பெட்டிகளையும் குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் "இன்னா லில்லாஹி" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்ததும், "பேரெல்லாம் வாட்ஸப்புல போட்டு விடுங்க தங்கச்சி. போட்டோ கெடச்சாலும் நல்லது" என்றார்.

பாம்பன் பாலத்தில் வழக்கம் போல வேன்கள் வரிசையாக நின்றன. கூட்டம் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. என் கணவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர் சண்டைக்கு வந்து, வண்டிக்குப் பின்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்ததும் தானே தன் வேனை ஓரம் கட்டினார். அந்தப் பெட்டிகளுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு.

தங்கச்சிமடத்தில் அவர் சொன்ன இடத்துக்குப் போனால் ஒரு பெரிய தகரக் கொட்டகை. கூட்டம் இல்லை, ஒப்பாரி இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிய ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தார். அதுவே எனக்கு உறுத்தியது. அவர் பெட்டியைச் சுற்றி வந்து, மேல் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல நீளமா இருக்கே. மேல கண்ணாடி வேற. ஒண்ணு எத்தன கிலோ தாங்கும்?"

"தொண்ணூறு கிலோ வரைக்கும் வந்துருக்காகண்ணே."

"வந்துருக்காகளா? யாரு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் கொட்டகைக்குள் தரையில் குவிந்து கிடந்த இறாலும் நண்டும் கண்ணில் பட்டன. பெருசும் சிறுசுமாகத்தான் கிடந்தன. ஐஸ் கம்பெனியில் மிஷின் பழுதாகி, மீன் ஏற்ற வேண்டிய லாரியும் வராமல், கெட்டுப்போகும் சரக்கை வைக்க அவர் பெட்டி தேடியிருக்கிறார். ஏசிக்காரர் எங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

விஷயம் விளங்கியதும் அந்த மனிதர் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் கணவர் மட்டும் சிரிக்காமல், "ஐஸ் கம்பெனி எங்கனண்ணே இருக்கு?" என்று கேட்டார். போய் அந்த மிஷினைப் பார்த்து, மதியத்துக்குள் ஓடவிட்டுவிட்டார். சரக்கு தப்பித்தது.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று மீன் வியாபாரி பிடிவாதம் பிடித்தார். அவர் வீட்டில் சாப்பிடும்போதுதான் அதைச் சொன்னார்.

"போன வருஷம் எங்க மாமா எறந்தாரு. மகன் குவைத்துல. வந்து மொகம் பாக்கணும்னான். ராம்நாட்டுல வேற ஒரு ஆளுகிட்ட பெட்டிக்குச் சொன்னோம், கண்ணாடி இல்லாத பழைய தகரப் பெட்டி. பாலத்துல மாட்டிக்கிட்டு வந்து சேர மத்தியானம் தாண்டிருச்சு. அதுவரைக்கும் மீனுக்குப் போடுற ஐஸத்தான் சுத்திப் போட்டு வச்சிருந்தோம். என் கையாலதாம்மா அள்ளிப் போட்டேன். இப்பவும் மீனுக்கு ஐஸ் போடையில அவரு நெனப்பு வந்துரும்."

எழுந்து என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார். பிறகு அவரே, "இங்கனயே ஒரு பெட்டி இருந்தா எம்புட்டு நல்லா இருக்கும். கோயில்ல எடம் நான் வாங்கித் தாரேன்" என்றார். கோயில் என்று அவர் சொன்னது எதிரில் இருந்த சர்ச்சை.

அந்த மாதம் எங்கள் வியாபாரிகள் கூட்டம் வருஷாந்திர சமூக சேவைக்கு ஆலோசனை செய்துகொண்டிருந்தது. எங்கள் சமூக சேவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் பஸ் நிறுத்தத்துக்கு பெஞ்சு கொடுத்திருந்தார்கள். சாயும் பலகையில் பதினைந்து கடைப் பெயர்கள் புடைப்பாக இருந்ததால் யாரும் சாய முடியாது. அடுத்த வருஷம் சாலைத் தடுப்பு கொடுத்தார்கள். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து ஒரு பைக்குக்காரர் அதிலேயே மோதினார். இந்த வருஷம் 'ஐ லவ் ராம்நாட்' என்று ஆளுயர எழுத்துகளை ஒளிரவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு கடைப் பெயர் போடுவதாகத் திட்டம். இதய வடிவத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதில் நகைக்கடைக்காரருக்கும் தலைவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

நான் எழுந்து தங்கச்சிமடத்துக்கு ஒரு ஐஸ் பெட்டி என்றேன். மனை வியாபாரி மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நல்ல காரியமா யோசிங்கம்மா" என்றார் தலைவர்.

நல்ல காலமாக, எழுத்துகள் வைக்கக் கேட்ட இடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாதக் கடைசிக்குள் ஏதாவது சேவை செய்து போட்டோ அனுப்பாவிட்டால் மதுரைத் தலைமை அலுவலகத்தார் தலைவரின் பெயரைப் பட்டியலில் கீழே இறக்கிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் பெட்டி தீர்மானமாயிற்று. பாய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "பெட்டியில யாரு பேரு மொதல்ல வரணும்?" என்று கேட்டார்.

அன்றைக்கு எங்கள் ஊர் வியாபாரிகளிடம் நான் பார்த்த அடக்கத்தை அதற்கு முன்பு பார்த்ததில்லை. "அண்ணன் பேரப் போடுங்க, அவருதான் சீனியர்" என்றார் நகைக்கடைக்காரர். "சேச்சே, நகைக்கடைதான் ஊருக்கே அடையாளம்" என்றார் தலைவர். ஜிம் நடத்துகிறவர், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது தன் கொள்கை என்றார். அவர் முகம் ஊரில் எட்டுப் பிளக்ஸில் இருந்தது. முடிவில் எந்தப் பெயரும் இல்லாமல், வெறும் வெள்ளைப் பெட்டியாக அது தங்கச்சிமடம் போனது.

திறப்பு விழா சர்ச் முற்றத்தில் நடந்தது. பாதிரியார் ஜெபம் சொல்லி ஆசீர்வதித்தார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது உறுப்பினர்கள் பெட்டியைத் தொடாமல், அதற்கும் தங்களுக்கும் நடுவில் ஒரு மாடு போகிற இடம் விட்டு நின்றார்கள். தலைவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். எத்தனையோ திறப்பு விழாக்களில் பேசிய பழக்கம் அவரைக் கைவிடவில்லை.

"இந்த அரிய வாய்ப்பைத் தங்கச்சிமடம் மக்கள் ஒவ்வொருவரும் தவறாமல் பயன்படுத்திப் பயனடைய வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்!"

ஊர் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு மீன் வியாபாரி எழுந்து கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்க சார். நாங்க கொஞ்சம் மெதுவாப் பயன்படுத்திக்கிறோம்."

பெட்டியை முதலில் பயன்படுத்தியவர் ஒரு வயதான படகு முதலாளி. பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். அவர்கள் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த வீட்டுக்கு டைல்ஸ் போட்டவர் எங்கள் தலைவர் என்பதால் அவரும் மாலையோடு வந்தார். வந்தவர் துக்கம் விசாரித்துவிட்டுப் போகாமல், வாசலில் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னமோ ஆள் ரொம்ப இளகிவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமைதான் தெரிந்தது. "நான் கண்ணால பாத்தேன்" என்றார் கூட்டத்தில். "பஸ் ஸ்டாப்புல எவனும் நின்னு படிக்க மாட்டான். அங்கன வந்த சனம் அம்புட்டும் பெட்டிக்கிட்ட போயி, அசையாம நின்னு, அதையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு ஆளு அஞ்சு நிமிசம்! இதவிட நல்ல எடம் நமக்கு எங்க கெடைக்கும்?"

நான் வேண்டாம் என்றேன். பாய் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. வேலை அவர் கடைக்குத்தானே வரப்போகிறது. மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள். மூன்றே நாளில் பெட்டியின் இரண்டு பக்கமும் பளபளவென்று ஸ்டிக்கர் ஏறிவிட்டது. ஒவ்வொருவரும் தன் கடைக்கு வழக்கமாகப் போடும் வாசகத்தையே கொடுத்திருந்தார். யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற யோசிக்கவில்லை. 'உங்கள் கனவு இல்லத்துக்கு எங்கள் டைல்ஸ்.' 'ஒரே மாதத்தில் உடல் எடை குறைய அணுகவும்.' 'குறைந்த விலையில் மனைகள், உடனே குடியேறலாம்.' எல்லாவற்றுக்கும் போன் நம்பர். அடியில், பெரிய எழுத்தில், 'தங்கள் நல்லாதரவை என்றும் நாடும்' என்று எங்கள் சங்கத்தின் பெயர்.

அடுத்து அந்தப் பெட்டி போனது சர்ச்சை ஒட்டிய ஒரு வீட்டுக்கு. அங்கே இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். அக்கா இறந்துவிட்டார். தங்கை கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் காதைக் கொடுத்துத் திருகு வாங்கியவர்கள். நானும் கணவரும் பெட்டி சரியாகக் குளிர்கிறதா என்று பார்க்கப் போயிருந்தோம். டீச்சர் அக்காவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார். பிறகு போனை எடுத்தார்.

முதல் போன் மனை வியாபாரிக்கு. "ஒடனே குடியேறலாம்னு போட்டுருக்கீகளே, எங்கக்காவுக்கு ஆறடி வேணும். தண்ணி வசதி வேண்டாம். என்னக்கிப் பத்திரம் முடிக்கலாம்?"

அடுத்து ஜிம்காரருக்கு. "ஒரு மாசம் எதுக்குத் தம்பி? இங்கன வந்து படு, அதுக்கு முன்னாலயே எளச்சுருவ."

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். டீச்சரின் குரல் ஏறவே இல்லை. தப்பாகப் போட்ட கணக்கை போர்டில் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு நம்பராக முடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் தலைவர்.

"நீங்கதான் தலைவரா? ஒங்க நல்லாதரவ என்றும் நாடும்னு போட்டுருக்கீக. எங்கக்கா ஒருக்காத்தான்யா ஆதரவு குடுக்க முடியும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அடக்கம். அதுக்குள்ள இத யாரு வந்து கிழிக்கிறது?"



நாங்களே கிழிக்கிறோம் என்று நான் முன்னால் வந்தேன். டீச்சர் என்னைப் பார்த்து, "நீ சும்மா இரும்மா. ஒம் பேரு இதுல இல்லையே" என்றார். நான் கொடுக்காததால்தான் இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ, தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் டைல்ஸ் கடை ஜீப் வந்து நின்றது. தலைவர், மனை வியாபாரி, பின்னால் பிளக்ஸ் பாய் மூவரும் இறங்கினார்கள். யாரும் கோட்டுப் போட்டிருக்கவில்லை. பாய் கையில் மண்ணெண்ணெய் பாட்டிலும் பிளேடும் இருந்தன. அத்தனை சனத்துக்கு நடுவில், பெட்டிக்குள் இருந்த அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக மண்டி போட்டு, தலைவர் தன் கனவு இல்லத்தை நகத்தால் சுரண்டினார். மனை வியாபாரி அழுதுகொண்டே சுரண்டினார். அவர் அப்பா இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் பெட்டிதான் போயிருந்தது. அது அவருக்கு அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது என்று நினைக்கிறேன். டீச்சர் யாரையும் திட்டவில்லை. முடிந்ததும் மூவருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். மறுநாள் அடக்கத்துக்கு மூவரும் வந்து, கல்லறை வரை நடந்தார்கள்.

அதற்குப் பிறகு கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலையவில்லை. மீன் வியாபாரி உறுப்பினராகச் சேர்ந்தார். தன் ஒரு நிமிஷத்தில் அவர் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே ஆள் வருகிறது. என் தொழிலை நான் இப்போது உள்ளபடியே சொல்கிறேன். யாரும் நாற்காலியை நகர்த்துவதில்லை. போன மாதம் நகைக்கடைக்காரர் எழுந்து, தன் அம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, பெட்டியை எங்கே வைத்தால் வசதி என்று வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார். குறிப்பாகக் கேட்டார். போய்ப் பார்த்துச் சொன்னேன். அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்தார்.

தங்கச்சிமடத்துப் பெட்டியின் சாவி இப்போது டீச்சரிடம். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியால் உறை தைத்துப் போட்டு வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை நாங்கள் போய்ப் பார்ப்போம். சென்ற முறை போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மிஷினு ரொம்பச் சத்தம் போடுது. போன வாரம் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்கல."

என் கணவர் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "உள்ள இருக்கவுக பேசப்போறாகளா டீச்சர்?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நகைச்சுவை அது.

"வெளிய அழுறவுக பேசுவாகள்ல. அவுகளுக்குக் கேக்கணும்."

அவர் சரி என்று தலையாட்டி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கம்ப்ரசருக்கு அடியில் புதிதாக ரப்பர் வைக்க உட்கார்ந்தார். வேலை முடிய மதியம் ஆகிவிட்டது. டீச்சர் எங்கள் இருவருக்கும் சோறு போட்டார்.